ரத்தம் ஏற்றும் பிள்ளைக்கு இரும்பு டானிக் எதற்கு?

கோட்டையூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பத்தா தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். 17 வயது. பிறவியிலேயே தலசீமியா, அதாவது உடம்பால் ரத்தத்தைச் சரியாக உண்டாக்க முடியாத பரம்பரை நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறார்கள். “மாடிப்படி ஏறினா நெஞ்சு படபடங்குது டாக்டர்” என்றான். முகம் கறுத்திருந்தது. கணுக்காலை அழுத்தினேன், குழி விழுந்தது.

அப்பத்தா மஞ்சப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். “ரத்தம் கொறஞ்ச புள்ளையாச்சே தம்பி, மருந்துக்கடையில கேட்டு வாங்கிக் குடுக்குறேன்.” இரும்புச்சத்து டானிக்! பாசத்தில் செய்தது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பதறிப்போனேன்.

அவருக்கு இப்படித்தான் விளக்கினேன். நம்மூர் பெரிய வீட்டில் முகப்பில் நுழைந்தால் பின்கட்டு வழியாக அடுத்த தெருவுக்கே போய்விடலாம். உடம்பில் இரும்புக்கு அந்தப் பின்வாசல் கிடையாது. ஒரு நாளில் தானாக வெளியேறுவது 1 மில்லிகிராம்தான். ஒரு யூனிட் ரத்தத்தோடு உள்ளே வருவதோ 200 மில்லிகிராமுக்கு மேல். இவனுக்கு ஒவ்வொரு முறையும் 2 யூனிட். அப்படியானால் வருடத்துக்கு 7 கிராம் அளவில் சேர்கிறது. ஒரு பெரிய ஆளின் உடம்பில் மொத்தமாக இருப்பதே 3, 4 கிராம்தான்.

மிச்சம் முதலில் கல்லீரலில் தங்கும், அப்புறம் இதயத் தசைக்குள் புகும். அங்கே தசை செல்களை அரிக்கும். துடிப்பு தாறுமாறாகும், பம்ப் செய்யும் வலு குறையும். எக்கோ பரிசோதனை கடைசிவரை நன்றாகவே காட்டக்கூடும். அதனால் எக்கோவும், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ‘ஃபெரிட்டின்’ ரத்தப் பரிசோதனையும் மட்டும் போதாது, இதயத்தில் படிந்த இரும்பை அளக்கும் ‘டி2 ஸ்டார்’ எம்ஆர்ஐ வேண்டும். அதில் வரும் அளவு 20 மில்லிசெகண்டுக்குக் கீழே போனால் இரும்பு படிகிறது என்று அர்த்தம், குறையக் குறைய மோசம். மதுரையில் எடுத்தபோது இவனுக்கு 8.

ரத்தம் ஏற்றுவதை நிறுத்தக் கூடாது, அது உயிர். கோட்டைவிட்டது வேறிடத்தில். இரும்பை வெளியேற்ற, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். “சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்கு, கொமட்டுது” என்று இரண்டு வருடமாகக் கொல்லையில் ஊற்றியிருக்கிறான். குமட்டல் என்று சொல்லியிருந்தால் மருந்தை மாற்றியிருக்கலாம்.

“அப்ப இரும்புச் சட்டியப் பரண்ல போட்டுறவா?” என்று கேட்டார் அப்பத்தா. மற்றவர்களுக்கு அது நல்லதுதான் ஆத்தா, டானிக்கை மட்டும் நிறுத்துங்கள் என்றேன்.

இப்போது மாத்திரையோடு, வாரத்தில் 5 இரவு வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, சின்ன பம்ப் வழியாக மருந்து இறங்குகிறது. பம்ப் ஓடுகிறதா என்று ராத்திரி எழுந்து பார்ப்பது அப்பத்தாதான்.