கெரிஸைத் தேய்க்காதீர்கள்

"சார், வெள்ளி மாதிரி மின்னணும், பார்த்துப் பண்ணிக் கொடுங்க." கெரிஸ் என்கிற மலாய், ஜாவா குத்துவாளைக் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

மலேசியாவில் உலோகப் பழம்பொருள்களைப் பராமரிக்கும் வேலை எனக்கு. தாத்தாவுக்கு மலாய் நண்பர் கொடுத்தது, ஜாவா போனபோது வாங்கியது, ஏலத்தில் எடுத்தது என்று நம்மவர் வீடுகளிலும் கெரிஸ் இருக்கிறது. என் மேசைக்கு மோசமான நிலையில் வருகிறவற்றை வைத்துச் சொல்கிறேன்: துரு செய்த சேதத்தைவிட, ஆசையாகத் தேய்த்ததால் வந்த சேதம்தான் பெரிது.

கெரிஸின் அலகு ஒரே இரும்பால் ஆனதல்ல. சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்து ஒன்றாக்குகிறார்கள். நடுவில் எஃகுத் தகடு வரும். இந்தக் கொல்லரை ஜாவாவில் எம்பு என்பார்கள். அடுக்குகள் மேற்பரப்பில் கோலமாகத் தெரிவதுதான் பாமோர். பிரம்பானான் பக்கம் விழுந்த விண்கல்லை 1797-ல் சூரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோய், அதிலிருந்தும் பாமோருக்கு உலோகம் எடுத்தார்கள். அப்புறம் ஐரோப்பாவிலிருந்து நிக்கல் வரத் தொடங்கியது, அதையும் பயன்படுத்தினார்கள். அதனால் கடைக்காரர் "இது விண்கல் கெரிஸ்" என்று விலையை ஏற்றினால், கொஞ்சம் நிதானியுங்கள்.

அடித்து முடித்த அலகில் பாமோர் மங்கலாகத்தான் இருக்கும். அதை எடுப்பாகக் காட்டுவது வாரங்கான் என்கிற பூச்சு. ஆர்செனிக் தாதுவை, அதாவது நம்மூரில் பாஷாணம் என்கிற வகையை, எலுமிச்சைச் சாற்றில் கலந்து பூசுவார்கள். இரும்பு கறுக்கும், நிக்கல் வெளுப்பாகவே நிற்கும். அந்தக் கறுப்பு மிக மெல்லிய படலம். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷால் சில நிமிடம் தேய்த்தால் போதும், போய்விடும். மிஞ்சுவது சாம்பல் நிறத்தில் ஒரு கத்தி.

அண்மையில் பதின்மூன்று வளைவுள்ள ஒரு ஜாவா கெரிஸ் வந்தது. (வளைவுகளை லுக் என்பார்கள், மரபான கணக்கில் அது எப்போதும் ஒற்றைப்படைதான்.) பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் பாமோர் கோடுகளுக்குள் பாலிஷ் தூள் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது, அதன் ஓரமெல்லாம் கடுகளவுகூட இல்லாத ஆரஞ்சுப் புள்ளிகள். அடித்து ஒட்டிய அடுக்குகளுக்கு இடையே மயிரிழை போன்ற பிளவுகள் இருக்கும். மேலே துடைத்தவர் உள்ளே போன ஈரத்தைத் துடைக்கவில்லை, துடைக்கவும் முடியாது. அலகின் அடியில் குறுக்காக உட்காரும் கஞ்சா என்ற தனித்துண்டு சேரும் இடத்தில்தான் நிலைமை ரொம்ப மோசம்.

எலுமிச்சையில் ஊறவைக்கும் வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களின் கத்தியிலும் இதே கதைதான், புளிப்பு பிளவுக்குள் தங்கிவிடுகிறது. ஜாவாக்காரர்களும் எலுமிச்சை போடத்தானே செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். சூரா மாதத்தில் ஜமாசான் சடங்கில் கெரிஸைக் கழுவுகிறார்கள். ஆனால் அது பழகிய கை. எலுமிச்சை போட்டபின் லெராக் காயால் (நம் பூந்திக்கொட்டைக்கு உறவுக்காரன்) நுரைத்து, அலசி, ஈரம் முழுக்கப் போக உலர்த்தித்தான் எண்ணெய் போடுவார்கள். வாரங்கானை வீட்டில் முயலவே வேண்டாம்; ஆர்செனிக் விஷம், கழுவும் தண்ணீரும் விஷம். பழைய அலகுகளில் அது ஒட்டியிருக்கலாம். அதனால் கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சரி, வீட்டில் என்னதான் செய்யலாம்? கொஞ்சம்தான். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். மணமில்லாத மினரல் ஆயிலைத் துணியில் தொட்டு மெலிதாகத் தடவுங்கள். மரபுப்படி சந்தன எண்ணெய் வேண்டுமென்றால் அதில் சில சொட்டு கலந்துகொள்ளலாம். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் ஆகாது. நாளானால் பிசுக்காகி, காறி, அதுவே இரும்பை அரிக்கும். சிவப்புத் துரு தூளாக உதிர்ந்தால் எண்ணெயில் ஊறவிட்டு மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டலாம். உறுதியான கறுப்பில் கை வைக்காதீர்கள்.

உறையும் பிடியும் வேறு ஜாதி. இரும்புக்கு வறட்சி பிடிக்கும். அதே வறட்சியில் மர உறை வெடிக்கும். மலாய் உறைகளுக்கு விரும்பி எடுக்கும் கெமுனிங், கறிவேப்பிலைக்கு உறவான மரம், பார்க்கவே அழகு. ஏசிக் காற்று நேராகப் படும் சுவரில் மாட்டினால் அதில் கீறல் விழும். கேமரா வைக்கும் டிரை பாக்ஸ் வாங்கி ஈரப்பதத்தை 45–50 சதவீதத்தில் வைத்தால் இரண்டுக்கும் ஒத்துப்போகும். உறையிலிருந்து எடுக்கும்போது அலகைப் பிடுங்காமல் உறையை மெல்லப் பின்னால் இழுங்கள். இறுகிப்போன பிடியைத் திருகாதீர்கள், உள்ளே போகும் அலகின் வால் ஒடிந்துவிடும். போர்னியோவின் மண்டாவ் மாதிரி முடியும் கொம்பும் சேர்ந்த வாள் என்றால் பூச்சியையும் கவனிக்க வேண்டும்.

பிடி யானைத் தந்தமாக இருந்தால் சட்டமும் குறுக்கே வரும். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் முதல் யானைத் தந்த விற்பனைக்கே தடை. எல்லை தாண்டிக் கொண்டுபோகும் முன் இரண்டு நாட்டு வனவிலங்குத் துறைகளிலும் விசாரித்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மதுரா தீவில் சுமெனெப் பக்கம் ஆயெங் தோங்தோங் என்ற ஊரில் இன்றும் கெரிஸ் அடிக்கிறார்கள். புதுக் கெரிஸ் குறைந்த சரக்கு அல்ல. அமிலத்தில் அரித்து, "மஜாபாஹித் காலத்தது" (பழைய ஜாவாப் பேரரசு) என்று விற்பதுதான் ஏமாற்று. வடிவத்தை வைத்துக் காலம் சொல்வதைத் தங்கு என்பார்கள். நல்ல ஆள் சொன்னாலும் அது மதிப்பீடுதான்.

கூடவே வரலாற்றைக் கேட்டு எழுதிவையுங்கள். 1830-ல் டச்சுக்காரர்கள் கைதுசெய்த இளவரசர் டிபோனகோரோவின் கெரிஸ் நெதர்லாந்துக்குப் போய், எது அவருடையது என்றே தெரியாமல் அருங்காட்சியகச் சேகரிப்பில் கிடந்தது. பழைய கடிதங்களையும் ஓவியர் ராதேன் சாலே எழுதிய குறிப்பையும் வைத்துத்தான் அடையாளம் கண்டு, 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் ஒப்படைத்தார்கள். யார் கொடுத்தது, எந்த ஊர், எந்த வருடம், பிடியோ உறையோ மாற்றியதா, எப்போது எண்ணெய் போட்டது என்று ஒரு அட்டையில் எழுதுங்கள். அட்டையை உறைக்குள் சொருகாதீர்கள், காகிதம் ஈரத்தை இழுத்து அலகோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் தனியாக வையுங்கள்.