“ஐகாவோ லைசன்ஸ்” என்று ஒன்று கிடையாது

போன வாரமும் என்னிடம் ஒரு லாக் புக், அதாவது பறந்த நேரங்களைக் குறித்துவைக்கும் ஏடு, வந்தது. அமெரிக்காவில் சிபிஎல், அதாவது விமானியாகச் சம்பளத்துக்கு வேலை செய்வதற்கான லைசன்ஸ், முடித்துத் திரும்பிய பையன். “டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கேட்பது 200 மணி நேரம்தானே சார், நான் 250க்கு மேல் ஓட்டியிருக்கிறேன். அப்புறம் இந்திய லைசன்ஸ் கேட்டுக் கொடுத்த ஃபைல் ஏன் திரும்பி வந்தது?” என்கிறான். கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பாவுக்கும் அதே கேள்வி.

பக்கங்களைப் புரட்டினால் பதில் அங்கேயே இருக்கிறது. பிஐசி, அதாவது விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக, 100 மணி நேரம் வேண்டும். இவனுடைய பிஐசி கணக்கில் பெரும்பகுதி நண்பனோடு பறந்தது. ஒருவன் வெளியே தெரியாதபடி கண்ணுக்கு மறைப்பு மாட்டிக்கொண்டு கருவிகளைப் பார்த்தே ஓட்டுவான். மற்றவன் சேஃப்டி பைலட்டாக வெளியே பார்த்துக்கொள்வான். அந்த ஒரு மணி நேரத்தை இருவருமே பிஐசி என்று எழுதிக்கொள்ள அமெரிக்க விதியில் இடம் உண்டு. அங்கே அது முறையான கணக்கு. இங்கே ஒரு விமானத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே பிஐசிதான். அதைக் கழித்தால் 100 தேறவில்லை.

அடுத்தது நெடுந்தூரப் பயணம். 300 நாட்டிகல் மைல் பறந்து, வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுதாக நிற்க வேண்டும் என்பது நம் விதி. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, விமானி லைசன்ஸுக்கு வகுத்திருக்கும் இணைப்பு 1 சொல்வதும் அதுதான். அமெரிக்க விதியும் 300 மைல் கேட்கிறது, அதில் ஓர் இடமாவது கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 மைல் தள்ளி இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஆனால் முழுதாக நிற்கச் சொல்வதில்லை. பையன் ரன்வேயைத் தொட்டுவிட்டு அப்படியே மேலே ஏறியிருக்கிறான். ரிமார்க்ஸ் பத்தியில் ‘டச் அண்ட் கோ’ என்று அவன் கையாலேயே எழுதியிருக்கிறது.

அந்த இன்ஸ்ட்ரக்டரைக் குறை சொல்ல மாட்டேன். தன் நாட்டு விதிப்படி ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வருடா வருடம் இந்திய மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, இந்திய விதி என்ன கேட்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காத பள்ளி நிர்வாகத்தின் மேல்தான் எனக்குக் கோபம். அந்தப் பள்ளியின் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: “ஐகாவோ லைசன்ஸ், உலகம் முழுவதும் செல்லும்.”

செல்லாது. தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

ஐகாவோ என்பது 1944ல் கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தத்தால் உருவான ஐ.நா. அமைப்பு. 193 நாடுகள் உறுப்பினர்கள். அது எந்த விமானிக்கும் லைசன்ஸ் கொடுப்பதில்லை. லைசன்ஸ் பயிற்சி நடத்த எந்த ஃபிளையிங் ஸ்கூலுக்கும் அனுமதி கொடுப்பதில்லை. குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று இணைப்பு 1ல் ஒரு கோடு போட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு கேட்பது என்பது அந்தந்த நாட்டின் இஷ்டம். கோட்டிலிருந்து விலக வேண்டுமானாலும் சிகாகோ ஒப்பந்தத்தின் 38ஆம் பிரிவின்படி ஐகாவோவுக்குத் தெரிவித்துவிட்டு விலகலாம்.

ஏஜென்டுகள் 33ஆம் பிரிவை எடுத்துக் காட்டுவார்கள்: “ஒரு நாட்டு லைசன்ஸை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே!” முழு வாக்கியத்தையும் படிக்கச் சொல்லுங்கள். விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு கொடுத்த அல்லது செல்லுபடியாக்கிய லைசன்ஸைத்தான் அது சொல்கிறது. அமெரிக்கப் பதிவு விமானத்தை அமெரிக்க லைசன்ஸோடு ஒருவர் சென்னைக்கு ஓட்டி வந்தால் இந்தப் பிரிவு பொருந்தும். விடி என்று தொடங்கும் இந்தியப் பதிவு விமானத்தில் வேலை வேண்டுமென்றால் பொருந்தாது. அதற்கு முந்தைய 32ஆம் பிரிவையும் காட்டச் சொல்லுங்கள். தன் குடிமகனுக்கு வேறு நாடு கொடுத்த லைசன்ஸை, தன் வானத்துக்குள் ஏற்க மறுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்று அங்கே தெளிவாக இருக்கிறது. வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்தவர் இங்கே தேர்வு எழுதாமல் பிராக்டீஸ் பண்ண முடியாது என்பது நம் பெற்றோர்களுக்கு நன்றாகத் தெரியும். விமானி விஷயத்தில் மட்டும் ஏன் விளம்பரத்தை அப்படியே நம்புகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

ஒரே தரம் என்பது நடக்காத காரியமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும், கூடவே நார்வே, சுவிட்சர்லாந்து, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனும் ஒரே விதித்தொகுப்பில் இருக்கின்றன. ஸ்பெயினில் வாங்கிய லைசன்ஸ் ஜெர்மனியில் செல்லும். ஆனால் அங்கே ஒரே சட்டமும் பொதுவான கேள்வி வங்கியும் இருக்கின்றன, பள்ளிகளைத் தணிக்கை செய்யும் முறையும் பொது. பள்ளிகள் கைகுலுக்கிக்கொண்டதால் வந்தது இல்லை. பிரிட்டன் வெளியேறியதும் என்ன ஆனது? 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் லைசன்ஸ் ஐரோப்பியப் பதிவு விமானங்களுக்குச் செல்லாமல் போனது. அதே வகுப்பறை, அதே இன்ஸ்ட்ரக்டர்கள்தான். இரண்டு பக்கமும் வாய்ப்பு வேண்டுமென்ற மாணவர்கள் இரண்டு செட் தேர்வு எழுத வேண்டியதாயிற்று. அமெரிக்காவும் ஐரோப்பாவும் இத்தனை வருடம் பேசி லைசன்ஸ் விஷயத்தில் செய்துகொண்ட உடன்பாடுகூட சம்பளம் வாங்காமல் ஓட்டுவதற்கான தனிநபர் விமானி லைசன்ஸைத்தான் தொடுகிறது, சிபிஎல்லை இல்லை.

அதனால் “எங்களுக்கு வெளிநாட்டுப் பள்ளியோடு டை-அப் இருக்கிறது” என்று யாராவது சொன்னால், அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். இரண்டு நாட்டு விதிகளும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்ற பட்டியல் இருக்கிறதா? பாதிப் பயிற்சியில் லாக் புக்கை இந்தியப் பக்கத்து ஆள் ஒருவர் சரிபார்ப்பாரா? இரண்டு பள்ளி இன்ஸ்ட்ரக்டர்களும் ஒருவர் மாணவரை மற்றவர் சோதித்துப் பார்க்கிறார்களா? பள்ளி நடத்தும் நண்பர்களே, இதற்கெல்லாம் அரசு உடன்படிக்கை தேவையில்லை. ஒரு பட்டியலும் மாதம் ஒரு வீடியோ காலும் போதும். இதைக்கூடச் செய்யாமல் ஒப்பந்தப் புகைப்படத்தை மட்டும் மாட்டிவைப்பது மாணவர்களுக்குச் செய்கிற துரோகம்.

இனிக் கிளம்பப்போகிறவர்களுக்கு. முதலில் டிஜிசிஏவின் உடல்தகுதிச் சான்று: கிளாஸ் 2 மெடிக்கல், பிறகு கிளாஸ் 1. அது கையில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நிறக்குருடு இருப்பதைப் பாதிக் கட்டணம் கட்டிய பிறகு கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும். டிஜிசிஏவின் தியரி தேர்வுகளை முடிந்தவரை போகும் முன்பே எழுதிவிடுங்கள். பள்ளிக்கு அனுமதி இருக்கிறதா என்பதை அந்த நாட்டு விமானத் துறையின் இணையதளத்திலேயே பாருங்கள், ஏஜென்ட் அனுப்பும் பிடிஎஃப்பில் பார்க்காதீர்கள். டிஜிசிஏ கேட்கும் மணிக்கணக்கை, பிஐசி, நெடுந்தூரம், இரவு, கருவி எனப் பிரித்து ஒரு தாளில் எழுதி, இந்தக் கணக்குப்படிதான் பயிற்சி தருவோம் என்று பள்ளியிடம் கையெழுத்து கேளுங்கள். போட மறுத்தால் வேறு பள்ளி பாருங்கள்.

தம்பி, தங்கைகளே, மாதக் கடைசியில் லாக் புக்கை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைவதை அங்கேயே ஓட்டி முடியுங்கள். இங்கே வந்து ஓட்டுவது என்றால் விமானமும் இன்ஸ்ட்ரக்டரும் கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். ஊருக்குக் கிளம்பும் முன் பயிற்சிப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி மூடிப்போனால் அந்த மணிநேரங்களை உறுதிப்படுத்திக் கடிதம் தர ஆள் இருக்காது.