லாரி பேட்டரி சூடானால் பக்கத்துப் பேட்டரியையும் பாருங்கள்

கத்திரி வெயில் வந்துவிட்டால் திருநெல்வேலி பைபாஸில் லாரி வயரிங் வேலை பார்க்கும் எங்களுக்குத் தினமும் கேட்கிற பேச்சு இது: "பேட்டரி கொதிக்கி அண்ணாச்சி, வெயிலுதான்." பாளையங்கோட்டை வெயில் லேசானதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே பெட்டியில் இருக்கும் ரெண்டு பேட்டரியையும் வெயில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் சுடும். ஒன்று வெதுவெதுப்பாகவும் மற்றது கை வைக்க முடியாமலும் இருந்தால், பழியை வெயில் மேல் போட்டுவிட்டு வண்டியை எடுக்காதீர்கள்.

லாரிக்கு 24 வோல்ட். அதற்காக ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்திருக்கிறார்கள். என்ஜின் ஓடும்போது, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சுமார் 28 வோல்ட் கொடுக்கும். ரெண்டும் நல்ல நிலையில் இருந்தால் ஆளுக்கு 14 என்று பிரித்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டருக்கு மொத்தக் கணக்குதான் தெரியும், எது எவ்வளவு வாங்குகிறது என்று தெரியாது. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்று தளர்ந்தால் மற்றதன் கழுத்தில்தானே பாரம் விழும்? இங்கேயும் அதுதான் நடக்கிறது.

புளியரை வழியாகக் கேரளாவுக்கு எம்-சாண்ட் ஏற்றிப் போகிற லாரி ஒன்று வந்தது. கொதித்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, வேறொரு கடையில் புதிது மாட்டியிருந்தார்கள். புதியதும் அதேபோலக் கொதிக்கிறது. "முட்டை அழுகுன நாத்தம் அடிக்கி அண்ணாச்சி, கேபின்ல இருக்க முடியல" என்றார் டிரைவர். என்ஜினை ஓடவிட்டு மீட்டரை வைத்தேன். ரெண்டையும் சேர்த்து 28.3. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தனித்தனியாக வைத்தால் ஒன்றில் 13.1, சூடான புதுப் பேட்டரியில் 15.2. பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ரெண்டையும் இணைக்கும் கேபிளின் முனையில் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று சுற்றியிருந்தது. பாட்டுப் பெட்டிக்கும் செல்போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று ஒரே பேட்டரியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் அந்தப் பேட்டரி மட்டும் இறங்குகிறது. காலையில் வண்டி ஓடும்போது, ஏற்கெனவே நிறைந்திருக்கும் மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் வாங்கிக் கொதிக்கிறது. சூடானதை எத்தனை முறை மாற்றினாலும் அந்த வயர் இருக்கும்வரை இதே கதைதான். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டு, இறங்கிக் கிடந்த பேட்டரியைத் தனியாக சார்ஜ் ஏற்றியதும் ரெண்டும் பதினாலுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

உள்ளே ஒரு செல் கெட்டுப்போன பேட்டரியும் இதே வேலையைச் செய்யும். ஒரு பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் ஒரு செல். ஒன்று ஷார்ட் ஆகிவிட்டால் 28 வோல்ட்டை மீதி பதினோரு செல்கள்தான் வாங்க வேண்டும். அப்போது நல்ல பேட்டரிக்கு 15 வோல்ட்டுக்கு மேலே போய்விடும். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துத் தனித்தனியாகப் பாருங்கள். நல்ல பேட்டரி 12.6 பக்கம் காட்டும். 10.5 பக்கம் காட்டுவதில் ஒரு செல் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆசிட்டின் அடர்த்தியை (கிராவிட்டி) அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டால் எந்த செல் என்றே தெரிந்துவிடும். முழு சார்ஜில் 1.260-க்கு மேல் இருக்க வேண்டிய கிராவிட்டி அந்த ஒரு செல்லில் மட்டும் விழுந்து கிடக்கும். அதனால்தான் பழையதோடு புதியதை ஜோடி சேர்க்க வேண்டாம் என்று முதலாளிகளிடம் கெஞ்சுகிறேன். ஒரே ஆம்பியர், ஒரே வயது, ரெண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றுக்கான காசை மிச்சம் பிடிக்கப் போய்க் கொஞ்ச நாளில் ரெண்டுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாகிவிடுகிறது.

ரெண்டுமே சூடானால் கேள்வி ஆல்டர்னேட்டர் பக்கம் திரும்பும். மீட்டர் 29-ஐத் தாண்டி 30-க்குப் போகிறதா? வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள், அதன் எர்த்தையும் பாருங்கள். பேட்டரியின் உடம்பு ஆறியிருந்து டெர்மினல் மட்டும் சுட்டால் அது லூஸ் காண்டாக்ட், அல்லது பச்சை பூத்த லக் (கேபிள் முனை). சுரண்டித் துடைத்து இறுக்கினால் சரியாகிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வார்த்தை. கொதித்து வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கும். அதனால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதில் உப்பு உண்டு, பேட்டரிக்கு ஆகாது. குறைகிறதே என்று ஆசிட் ஊற்றுவது அதைவிடக் கெடுதல், தட்டுகளை அரித்துவிடும்.

நான் உண்மையிலேயே பயப்படுவது கொதிக்கிற பேட்டரி விடும் வாயுவுக்கு. அது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறியில் பிடித்துக்கொள்ளும். செங்கோட்டை தாண்டி மலையேறும்போது பேட்டரி கொதிக்கிற அந்த முட்டை நாற்றம் வந்தால், ஓரம் கட்டி என்ஜினை அணைத்து பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து போட்டு ஆறவிடுங்கள். பக்கத்தில் பீடி வேண்டாம். லைட்டர் வெளிச்சத்தில் தண்ணீர் மட்டம் பார்க்கவே வேண்டாம். சூடாக இருக்கும்போதே ஸ்பானரைப் போட்டுக் கழற்றாதீர்கள். ஆறியபின் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

ஆசிட் கண்ணில் தெறித்துவிட்டால் தேய்க்கக் கூடாது. வண்டியில் இருக்கிற நல்ல தண்ணீரைக் குறைந்தது 15 நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்து விட்டுக்கொண்டே இருங்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திருநெல்வேலிக்குள் என்றால் நேரே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிதான். லோடை இறக்கிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.