கேஷ் – பதுக்ககம்

உலாவியில் மின்னஞ்சலைத் திறந்தால் கடிதங்கள் எல்லாம் தெரிகின்றன, 'அனுப்பு' பொத்தானை அழுத்தினால் மட்டும் அசைவே இல்லை. யாரைக் கேட்டாலும் வரும் முதல் பதில்: “கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க.”

இந்தக் கேஷ் பணம் அல்ல. பார்த்த பக்கங்களின் கோப்புகளை, மறுபடி சீக்கிரம் காட்டுவதற்காக உலாவி நம் கணினியிலேயே எடுத்து வைத்திருக்கும் இடம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்தாவது வேறு. தமிழில் எழுதினால் அதுவும் ஒன்றாகிவிடுகிறது. நமக்கென்று ஒரு சொல் வேண்டும் என்பதற்கு இந்தக் குழப்பமே போதும்.

மூலம் பிரெஞ்சு. 'காஷே' என்றால் ஒளித்து வைப்பது. வட அமெரிக்காவில் தோல் வணிகத்துக்காக விலங்கு பிடித்துத் திரிந்த பிரெஞ்சுக்காரர்கள், சுமக்க முடியாத உணவையும் வெடிமருந்தையும் ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்வார்கள். அந்த மறைவிடம்தான் கேஷ். அமெரிக்காவின் கொலராடோவில் 'கேஷ் லா பூடர்' என்று ஓர் ஆறே ஓடுகிறது. 'வெடிமருந்தை ஒளித்து வை' என்று பொருள். 1805-இல் மிசௌரி ஆற்று வழியே மேற்கே போன அமெரிக்க ஆய்வுப் பயணிகள் லூயிஸும் கிளார்க்கும் இப்படித்தான் பொருள்களைப் புதைத்துவிட்டுப் போனார்கள்.

கணினிக்குள் இந்தச் சொல் வந்தது 1968 வாக்கில், ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 மாடல் 85 என்ற கணினி வழியாக. செயலிக்கும் முதன்மை நினைவகத்துக்கும் நடுவே இருந்த சிறிய, வேகமான நினைவகத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 1965-இலேயே பிரிட்டன் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் இதே கருத்தை 'அடிமை நினைவகம்' என்று எழுதியிருந்தார். நல்லவேளை, அந்தப் பெயர் நிற்கவில்லை.

தமிழில் 'தற்காலிகச் சேமிப்பு' என்பது பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உலாவி ஒரு கோப்பை ஓராண்டு வரைகூட வைத்திருக்கலாம். அது என்ன தற்காலிகம்? 'தேக்ககம்' நல்ல சொல்தான், ஆனால் மறைவு என்ற பொருள் அதில் இல்லை. 'பதுக்ககம்' மூலத்தோடு அப்படியே பொருந்துகிறது. பதுக்கல் என்றதும் அரிசி மூட்டை நினைவுக்கு வரலாம். அது பின்னால் ஒட்டிய கறை. அம்பு பட்டு வீழ்ந்தவர்களை மூடிய கற்குவியலைச் சங்கப் பாடல்கள் 'பதுக்கை' என்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒன்று கிடக்கிறது என்பதுதான் அதன் உயிர்.

பொத்தான் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. பொத்தானின் உருவத்தை எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்ற கணினி மொழிகள் தருகின்றன. அழுத்தினால் நடக்க வேண்டியதைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரல், அதாவது ஸ்கிரிப்ட். பக்கம் புதியதாக வந்து, ஸ்கிரிப்ட் மட்டும் பதுக்ககத்திலிருந்து பழையதாக வந்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் போகலாம். பொத்தான் தெரியும், வேலை செய்யாது.

சரி, என்ன செய்வது? எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை முதலில் வேறெங்காவது நகலெடுத்து வையுங்கள். விண்டோஸ் கணினியில் குரோம் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பதுக்கியதைத் தொடாமல் பக்கம் புதிதாக வரும். அதற்கும் மசியவில்லையா, மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். அங்கே பொத்தான் வேலை செய்தால் பதுக்ககத்தின் மேலோ, உலாவியில் நாம் சேர்த்த நீட்சிகளின் (எக்ஸ்டென்ஷன்) மேலோ சந்தேகப்படலாம். விளம்பரத் தடுப்பு நீட்சிகள் சில நேரம் தேவையான ஸ்கிரிப்டையும் சேர்த்தே தடுத்துவிடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அப்புறம்தான் பதுக்ககத்தைக் காலி செய்வது. கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் அழுத்தினால் வரும் பெட்டியில் படங்கள், கோப்புகள் என்ற வரியை மட்டும் தேர்ந்தெடுங்கள். நாம் உள்நுழைந்ததை நினைவில் வைத்திருக்கும் குக்கீகளையும் சேர்த்து அழித்தால் மற்றத் தளங்களிலும் மறுபடி கடவுச்சொல் போட்டு நுழைய வேண்டியிருக்கும்.