பாலியலாக்கல் என்றே சொல்லலாம்

போன மாதம் கோத்தகிரியில் ஒரு பெற்றோர் கூட்டம். ரீல்ஸ் பற்றிப் பேச வந்தவர் ‘செக்சுவலைசேஷன்’ என்று சொல்லிவிட்டு, தமிழில் அது ‘கவர்ச்சி காட்டுதல்’ என்றார். செய்தியிலும் துண்டறிக்கையிலும் இதையே பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போயிருந்தது. இது தவறு.

வேர் எளிது. லத்தீன் ‘செக்ஸஸ்’ ஆண், பெண் என்ற பிரிவைக் குறிக்கும். நம் ‘பால்’ என்பதும் பகுப்புதான். ஆண்பால், பெண்பால் என்கிறோமே. ஆங்கிலச் சொல்லின் ‘ஐஸ்’ என்ற ஈறு ‘ஆக்கு’ என்று பொருள்படும்.

அந்த ‘ஆக்கு’வில்தான் விஷயமே இருக்கிறது. அது பிறவினை. செய்பவர் ஒருவர், செய்யப்படுபவர் இன்னொருவர். அமெரிக்க உளவியல் சங்கம் சிறுமிகளைப் பற்றி 2007-இல் வெளியிட்ட அறிக்கை எதையெல்லாம் ‘செக்சுவலைசேஷன்’ என்கிறது, பாருங்கள்: ஒருவரின் மதிப்பைப் பாலியல் கவர்ச்சியால் மட்டுமே அளப்பது, அடுத்தவர் பயன்படுத்தும் பொருளாக அவரைப் பார்ப்பது, பொருந்தாத பாலியலை அவர்மேல் ஏற்றுவது. ‘கவர்ச்சி காட்டுதல்’ என்றதும் எழுவாய் மாறிப்போகிறது. காட்டியவள் அந்தப் பெண் என்று ஆகிவிடுகிறது.

பேச்சு முடிந்ததும் ஒரு அம்மா தன் போனைக் காட்டினார். பத்து வயது மகள், ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவுமாக வாசலில் ஆடுகிறாள். பின்னால் தேயிலைச் சரிவு. யாரோ அதையே எடுத்து, வேகத்தைக் குறைத்து, வேறு பாட்டை ஒட்டி மறுபடி போட்டிருந்தார்கள். கீழே இருந்த கமெண்டுகளை இங்கே எழுத மாட்டேன். ஆட்டம் அதே ஆட்டம். அந்தப் பிள்ளை என்ன கவர்ச்சி காட்டினாள்? அம்மாவோ, “அப்ப எம் பொண்ணு மேலதான் தப்புங்களா?” என்று கேட்கிறார். ஒரு மொழிபெயர்ப்பு செய்த வேலை இது.

இதையே ‘ஆபாச நடனம்’ என்று எழுதுவது இன்னும் மோசம். பெண்களை அநாகரிகமாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம்கூடச் சித்தரித்து வெளியிடுபவரைத்தான் பிடிக்கிறது. நம் சொல் மட்டும் ஆடியவளைப் பிடிக்கிறது.

‘பாலியல்மயமாக்கல்’ பரவாயில்லை, அதில் பிறவினை இருக்கிறது. ஆனால் உலகமயமாக்கல், தனியார்மயமாக்கல் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ அரசுக் கொள்கை போலப் படுகிறது. நடுவில் ‘மயம்’ தேவையும் இல்லை. பாலியலாக்கல் போதும். வினையாகவும் வரும்: ‘வீடியோவை வெட்டி ஒட்டிப் பிள்ளையைப் பாலியலாக்கிவிட்டார்கள்.’ வீட்டுப் பேச்சில் ‘காமக்கண்ணுக்கு இரையாக்கினார்கள்’ என்றாலும் சரிதான்.

மொழிபெயர்க்கிறவர்கள் யார் செய்தது, யார்மேல் நடந்தது என்று ஒரு நிமிடம் பார்த்தால் என்ன? ‘கற்பழிப்பு’ என்று எத்தனை வருடம் எழுதினோம்! செய்தவனை விட்டுவிட்டு, பெண் எதையோ இழந்துவிட்டாள் என்றே அது சொன்னது. இன்று ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதப் பழகிவிட்டோம்.

அடுத்த கூட்டம் குன்னூரில். துண்டறிக்கையைத் திருத்தித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.