சிபிலிஸ்: மேகப்புண்ணா, பறங்கிப்புண்ணா, கிரந்தியா?

கர்ப்பிணிகளுக்கு எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'வி.டி.ஆர்.எல்.' என்று ஒன்று இருக்கும். அது தேடுவது சிபிலிஸ் என்னும் பால்வினைத் தொற்றை. தமிழில் இதை மேகப்புண், பறங்கிப்புண், கிரந்தி என்றெல்லாம் சொல்வார்கள்; இவற்றில் எதை எழுதுவது என்பதுதான் கேள்வி. உடலுறவின் வழியாகவும், கர்ப்பத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். கிருமியின் பெயர் டிரிபோனிமா பாலிடம், 1905-இல் கண்டுபிடித்தார்கள். பார்க்க வெளிறிய, முறுக்கிய நூல் மாதிரி இருக்கும். அந்தப் பெயருக்கும் அதுதான் பொருள்.

ஆனால் 'சிபிலிஸ்' என்ற சொல் கிருமிக்கு ரொம்ப மூத்தது. 1530-இல் வெரோனா நகர மருத்துவர் ஜிரோலாமோ ஃபிராகஸ்டோரோ இந்த நோயைப் பற்றி லத்தீனில் ஒரு நீண்ட கவிதை வெளியிட்டார். அதில் சிபிலஸ் என்று ஓர் இடையன் வருகிறான். வறட்சியில் மந்தை செத்து விழ, சூரியனை ஏசிவிட்டு, சூரியனுக்குச் செய்யும் பூசையைத் தன் அரசனுக்குச் செய்யத் தொடங்குகிறான். சூரியன் சும்மா விடுமா? புது நோய் ஒன்றை அனுப்ப, அது முதலில் அவனைத்தான் பிடிக்கிறது. நோய்க்கு அவன் பெயரே நிலைத்தது.

அதற்கு முன்பு ஆளாளுக்குப் பக்கத்து ஊர்க்காரன் தலையில் பழியைப் போட்டார்கள். 1495-இல் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸைப் பிடித்த சமயத்தில் நோய் பரவ, இத்தாலியர் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். தமிழும் விலக்கில்லை. பறங்கி என்றால் ஐரோப்பியன். பிராங்க் என்ற இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாகத் திரிந்து வந்த சொல். அவனோடு கப்பலில் வந்த நோய் என்பதால் பறங்கிப்புண். அதற்கு மருந்தாகக் கொடுத்த கிழங்குக்குக்கூடப் பறங்கிப்பட்டை என்றே பெயர்.

மேகப்புண்ணில் உள்ள மேகம், வானத்து மேகம் இல்லை. சிறுநீர்க் கோளாறுகளைக் குறிக்கும் 'மேஹ' என்ற வடசொல் அது. நீரிழிவுக்கு மதுமேகம் என்று பெயர் வந்ததும் அதிலிருந்துதான். ஆகவே பழைய ஏட்டில் வெறும் 'மேகம்' என்று கண்டால் அது சர்க்கரையா, பால்வினை நோயா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கிரந்தி இன்னும் குழப்பம்: முடிச்சு, கட்டி என்று பொருள்படும் இந்தச் சொல்லைக் கைக்குழந்தையின் தோல் தடிப்புக்கும் சொல்வார்கள். வெட்டை என்பதோ கொனோரியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று. அது வேறு கிருமி, வேறு மருந்து.

இத்தனையிலும் எனக்குப் பெரிய குறையாகப் படுவது 'புண்' என்ற சொல்தான். தொற்றி ஏறக்குறைய மூன்று வாரத்தில், கிருமி நுழைந்த இடத்தில் ஒரு புண் வரும். விளிம்பு கெட்டியாக இருக்கும், வலிக்காது. பிறப்புறுப்பின் உள்ளேயோ, ஆசனவாயிலோ, வாயிலோ இருந்தால் கண்ணிலேயே படாது. சில வாரங்களில் தானாக ஆறியும் விடும். புண்தான் நோய் என்று நினைப்பவர் அதோடு நிம்மதியாகிவிடுவார். அப்புறம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத செம்பு நிறத் தடிப்பு வரலாம், அதுவும் மறையும். பிறகு பல ஆண்டுகள் சத்தமே இருக்காது. சிகிச்சை இல்லாமல் விட்டால் சிலருக்கு இதயம், மூளை, நரம்பு வரை பாதிக்கும்.

அதனால் நான் சிபிலிஸ் என்றே எழுதுவேன். பழைய சொல்லில் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒருமுறை மேகப்புண் என்று சேர்த்துச் சொன்னால் போதும். வகைப் பெயருக்குப் பால்வினைத் தொற்று பொருத்தமான தமிழ். இங்கே பால் என்பது ஆண்பால், பெண்பாலில் வரும் பால். 'பால்வினை நோய்' என்பதும் வழக்கில் இருக்கிறது. ஆனால் நோய்க்குறி எதுவும் தெரியாமலே கிருமி உடம்பில் இருக்கும் என்பதைத் 'தொற்று' சரியாகப் பிடிக்கிறது.

சிகிச்சைக்கு வருவோம். 1910-இல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக்கின் ஆர்செனிக் மருந்து வரும்வரை பெரும்பாலும் பாதரசம்தான் கதி. 1943-இல் பெனிசிலின் வந்ததும் கதையே மாறியது. இன்றும் அதுதான் முதல் மருந்து: ஆரம்ப நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சதின் பெனிசிலின், தசையில் ஒரே தடவை. நாள்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று தடவை; நரம்பைத் தொட்டுவிட்டால் சிகிச்சை முறையே வேறு. பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் உண்டு, கர்ப்பிணிகளுக்கு மட்டும் அது ஆகாது. மருந்து கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே கெட்டுப்போன உறுப்பைத் திருப்பித் தராது. ஊசி போட்ட அன்று காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டாம். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது அப்படி ஆவதுண்டு.

துணைக்கும் பரிசோதனை, தேவைப்பட்டால் சிகிச்சை வேண்டும். ஒருமுறை குணமானவருக்கு மறுபடியும் தொற்றலாம், எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. ஆணுறை நல்ல பாதுகாப்பு, ஆனால் அது மூடாத இடத்தில் புண் இருந்தால் அங்கிருந்து பரவும். தொற்றிய முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று காட்டக்கூடும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும்.