கிளட்ச் பிளேட்டின் சூட்டுக் கணக்கு

"அண்ணே, பிளேட்டு விலை பெருசில்ல, கியர்பாக்ஸை இறக்கி ஏத்துறதுதான் வேலை." கிளட்ச் போன காரோடு காரைக்குடியில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இப்படி ஒரு பதில் வரும். சொல்வது உண்மைதான். சின்ன பெட்ரோல் கார் என்றால் உதிரிபாகம், கூலி, வரி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். அதிர்வைக் குறைக்க எஞ்சின் சக்கரத்தை இரண்டு துண்டாகச் செய்த 'டூயல் மாஸ் ஃபிளைவீல்' வைத்த டீசல் வண்டியில் அந்த ஃபிளைவீலும் போயிருந்தால் செலவு பல மடங்கு. ஒரே மாதிரிக் காரில் ஒருவருக்கு லட்சம் கிலோமீட்டர் தாண்டி உழைக்கும் பிளேட், இன்னொருவருக்கு முப்பதாயிரத்திலேயே தீர்ந்துபோகிறது. காரணம் பெரும்பாலும் காலில்தான் இருக்கிறது.

எஞ்சினின் பின்முனையில் ஃபிளைவீல் என்ற கனமான இரும்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டின் மேல் கிளட்ச் பிளேட் உட்கார்ந்திருக்கும். பிளேட்டின் இரண்டு முகத்திலும் லைனிங், அதாவது உராய்ந்து பிடிக்கும் பட்டை, ரிவெட் அடித்திருப்பார்கள். அதன் பின்னால் பிரஷர் பிளேட். அதிலுள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங், பிளேட்டை ஃபிளைவீலோடு சேர்த்து எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும். நாம் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கின் நடுவிலுள்ள விரல்களைத் தள்ளுகிறது. அழுத்தம் விலகுகிறது, பிளேட் தனியாகிறது. அதாவது கால் எடுத்திருக்கும்போதுதான் கிளட்ச் பிடித்திருக்கிறது.

எவ்வளவு பிடி? ஸ்பிரிங் 350 கிலோ எடை அளவுக்கு அழுத்துகிறது, உராய்வுக் கெழு 0.35, லைனிங்கின் சராசரி ஆரம் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முகத்துக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 190 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையைத் தாங்கும். சின்ன எஞ்சின் தருவதோ 110க்குள். நல்ல நிலையில் இருக்கும் கிளட்ச் வழுக்கவே வழுக்காது. தேய்மானமெல்லாம் கிளம்பும் நேரத்தில், பாதி மிதித்த நிலையில் நடப்பது.

நிற்கும் காரைக் கிளப்பும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றுகிறது, கியர்பாக்ஸ் தண்டு அசையாமல் நிற்கிறது. இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை லைனிங் தேய்ந்துகொண்டேதான் பிடிக்கும். எஞ்சின் வேகம் மாறாமல் இருந்தால், அதற்குள் கார் எவ்வளவு இயக்க ஆற்றல் பெறுகிறதோ அதே அளவு ஆற்றல் பிளேட்டில் சூடாகப் போய்விடும். இது இயற்பியல் விதி. எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் சமதரையில் இந்தப் பாதியைக் கொடுத்துத்தான் கிளம்ப வேண்டும். ஆனால் மொத்தத் தொகை எவ்வளவு என்பது நம் கையில் இருக்கிறது.

ஆள்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார், முதல் கியர், 1200 சுற்று. கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்போது வேகம் சுமார் 9 கிலோமீட்டர் இருக்கும். பிளேட்டில் இறங்கிய சூடு 3 கிலோஜூல். அதையே ஆக்சிலரேட்டரை உறுமவிட்டு 2400 சுற்றில் வைத்துக் கிளப்பினால் வேகம் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. முதல் கியருக்கு மாற்றச் சோம்பல்பட்டு இரண்டாவது கியரிலேயே கிளப்பினால் 1200 சுற்றிலும் மூன்று மடங்குக்கு மேல் சூடாகும். வேகத்தடையில் கார் கிட்டத்தட்ட நின்றுவிட்ட பிறகும் இரண்டாவதிலேயே இழுப்பவர்களை நம் ஊரில் தினமும் பார்க்கிறேன். எஞ்சின் முக்கும் சத்தம் அவர்களுக்குக் கேட்கிறது, பிளேட் தேய்வது கேட்பதில்லை.

இதையெல்லாம் விட மோசமான இடம் கண்மாய்க்கரை ஏற்றம். செட்டிநாடு சமதரைதான், ஆனால் சாலை கரைமேல் ஏறும் இடங்கள் எத்தனையோ உண்டு. பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டம், முன்னால் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில் பிரேக் போடாமல், பாதி கிளட்சிலேயே காரைப் பின்னால் உருளாமல் நிறுத்துகிறார் ஒருவர். பார்க்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கும். கார் ஓர் அங்குலமும் நகரவில்லை, அதனால் கிளட்சுக்கு வரும் ஆற்றல் அத்தனையும் சூடு. கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டரை கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி இரண்டரை, காற்றுப் புகாத கூட்டுக்குள் ஒரு சின்னத் தட்டின் மேல் எரிகிறது. பத்து விநாடி அப்படி நின்றால், ஒழுங்காக எட்டு முறை கிளம்பிய சூடு அதற்குள் இறங்கிவிடும். ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு நின்றால் இதில் ஒரு துளியும் இல்லை.

இறக்கிய கிளட்சைக் கையில் வாங்கிப் பாருங்கள், கதை தெரியும். லைனிங்கில் பள்ளமாக இருக்க வேண்டிய ரிவெட் தலைகள் மேலே வந்து வெள்ளிக்காசு மாதிரிப் பளபளக்கும். ரிவெட்டுக்கு மேலே தேயக் கிடைக்கும் கனமே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். பிரஷர் பிளேட்டின் முகத்தில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தால், அந்த இடம் 300 டிகிரியை ஒட்டிச் சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். லைனிங்கில் இருக்கும் பிசின் அந்தச் சூட்டில் கருகும், முகம் கண்ணாடி மாதிரி ஆகிப் பிடி குறையும். பிடி குறைந்தால் இன்னும் வழுக்கும், இன்னும் சூடாகும். வழுக்க ஆரம்பித்த கிளட்ச் சீக்கிரத்தில் படுத்துவிடுவது இதனால்தான். பழைய வண்டியின் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அந்தத் தூசியை ஊதித் தட்டவே கூடாது.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். காலியான சாலையில் நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் எகிறி, வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது.

சரி, பில்லுக்கு வருவோம். முன்சக்கர இழுவை காரில் கியர் ஆயிலை வடித்து, இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் உருவி, எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸைப் பிரித்து இறக்க வேண்டும். அரை நாள் வேலை. பிளேட்டை மட்டும் மாற்றினாலும், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றினாலும், இந்தக் கூலி ஒன்றுதான். பேரிங்கை மிச்சம் பிடித்து, ஆறு மாதத்தில் அது கத்த ஆரம்பித்தால் மறுபடி முழுக் கூலி. அதனால் மூன்றையும் செட்டாகப் போடச் சொல்வதே சிக்கனம். அப்புறம், இறக்கியிருக்கும்போதே எஞ்சின் பக்கத்து ஆயில் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கசிவு இருந்தால் புதுப் பிளேட்டில் எண்ணெய் பட்டுப் பத்தாயிரமும் வீண். ஃபிளைவீல் முகத்தில் கீறல் விழுந்திருந்தால் அதையும் லேத் பட்டறையில் கொடுத்துச் சமன் செய்துவிடலாம். உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பில் கேட்டு வாங்குங்கள். பழைய பாகங்களையும் கேளுங்கள், எதற்குக் காசு கொடுத்தோம் என்று கண்ணால் பார்க்க உரிமை உண்டு.

கிளட்ச் போகாமலேயே போனதாக நினைத்துச் செலவழிப்பதும் நம் பக்கம் நடக்கிறது. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் எத்தனை! ஷெட்டில் கார் மாதக்கணக்கில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஃபிளைவீல் முகம் லேசாகத் துருப் பிடித்து, பிளேட் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஊரிலிருந்து வந்து ஸ்டார்ட் செய்தால், பெடலை முழுதாக மிதித்தாலும் கியர் விழாமல் கரகரக்கும். எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் சுலபமாக விழும். கிளட்ச் ஆயில் குறையவில்லை, கேபிள் தளரவில்லை என்றால் பிளேட் ஒட்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். லைனிங் நல்லபடியாகவே இருக்கும். எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, திறந்த வெளியில் முதல் கியரில் போட்டு, கிளட்சையும் பிரேக்கையும் அழுத்தியபடி ஸ்டார்ட் செய்தால் அந்த உலுக்கலில் பெரும்பாலும் விட்டுவிடும். கார் முன்னால் பாயும் என்பதால் பழகிய மெக்கானிக் செய்வதே நல்லது.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து, மழைக்காலத்திலாவது மாதம் இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் ஓடவிட்டால் பேட்டரிக்குத்தான் நல்லது. கிளட்சை மிதித்துக் கியர் மாற்றி நாலு தெரு ஓட்டினால்தான் பிளேட் முகம் உரசித் துரு போகும்.